வாடகைக்கு வந்த 13,000 ஆய்விதழ்கள்

ஆய்வு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு வேண்டுகோள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும்: “அண்ணா, இந்தக் கட்டுரை உங்க யூனிவர்சிட்டில ஓப்பன் ஆகுதா பாருங்களேன்.” கொரியாவிலோ ஜெர்மனியிலோ முதுமுனைவர் ஆய்வில் இருக்கும் ஓர் அண்ணன், நேரம் கிடைக்கும்போது பிடிஎஃப் கோப்பை அனுப்பிவைப்பார். அவரும் கைவிட்டால், கட்டணப் பூட்டைத் தாண்டிக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் இருக்கவே இருந்தது. பத்துப் பக்கக் கட்டுரையைத் திறப்பதற்கு 30, 40 டாலர் கேட்கும் திரைக்கு முன்னால் நம் மாணவருக்கு வேறு போக்கு இல்லை. 2015 செப்டம்பர் தொடங்கி ஆறே மாதங்களில் சை-ஹப் தளத்திலிருந்து இந்தியாவில் மட்டும் சுமார் 34 லட்சம் தரவிறக்கங்கள் நடந்ததாக ‘சயின்ஸ்’ இதழ் 2016இல் கணக்குக் காட்டியது. சீனாவுக்கு அடுத்த இடம் நமக்கு. திருட்டு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நம் பல்கலைக்கழக நூலகங்களால் கொடுக்க முடியாமல் போனது எவ்வளவு என்பதற்கான கணக்கும் அதுதான்.

அந்தக் கணக்கை நேர்செய்யும் முயற்சியாக வந்ததுதான் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட 30 பதிப்பகங்கள். ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் 6,300க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருக்கும் சுமார் 1.8 கோடிப் பேருக்கு இவை திறந்துவிடப்பட்டன. குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாடிக்கையாளராக நின்று சந்தா கட்டுகிறது.

அரசின் அறிவிப்புகளில் பெயர் மட்டும் பெரிதாக இருப்பது வழக்கம். இது அப்படிப்பட்டதல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் ஐஐடிகளிலும் படிப்பவருக்கு மட்டுமே கிடைத்துவந்த இதழ், தருமபுரி பக்கம் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் ஆய்வு செய்யும் மாணவிக்கும் அதே நாளில் கிடைக்கிறது என்பது சாதாரணமான செய்தி இல்லை. ஆய்வின் முதல் ஆண்டு முழுவதும் ‘இந்தத் தலைப்பில் ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள்’ என்று தேடுவதில் போகும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முழுக் கட்டுரையையும் படித்ததுபோல மேற்கோள் காட்டும் பழக்கம் நம் ஆய்வேடுகளில் புரையோடிப்போனதற்கு, முழுக் கட்டுரை கைக்கு எட்டாததும் ஒரு காரணம். இனி அந்தச் சாக்கு அரசுக் கல்லூரிகளில் செல்லாது.

இந்த இடத்துக்கு வந்து சேர நெடுநாள் ஆனது. 1991இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது டாலரிலும் பவுண்டிலும் விலை வைத்த வெளிநாட்டு இதழ்களின் சந்தா எகிறியது. பல்கலைக்கழகங்கள் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தன. 2003-04 வாக்கில் யுஜிசி-இன்ஃபோநெட், இண்டெஸ்ட் என்று கூட்டமைப்புகள் வந்தன. 2015இல் அவை ‘இ-ஷோத்சிந்து’ என்று ஒன்றாக்கப்பட்டன. தனித்தனியாகப் போய் விலை கேட்டால் பதிப்பகம் மதிக்காது, சேர்ந்து போனால் கொஞ்சம் இறங்கும் என்ற எளிய வியாபார அறிவுதான் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரே சந்தா அதன் உச்சம்.

ஆனால், இந்த 6,000 கோடி நமக்கு வாங்கித் தந்தது என்ன? பழைய நூலகங்களின் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆண்டுவாரியாக பைண்டு செய்யப்பட்டு, முதுகில் பொன்னெழுத்தில் தொகுதி எண் பொறித்த தடித்த ஆய்விதழ்கள் வரிசையாக நிற்கும். 1974இல் சந்தா நின்றுபோயிருந்தால், 1973 வரையிலான தொகுதிகள் அங்கேயே இருக்கும். தூசி படிந்திருக்கும், ராமபாணப்பூச்சி அரித்திருக்கும். ஆனாலும் நூலகத்தின் சொத்து. மின்னிதழில் அப்படி இல்லை. இதழ் பதிப்பகத்தின் கணினியில்தான் இருக்கிறது. நாம் பணம் கட்டுவது பார்ப்பதற்கான உரிமைக்கு. சந்தா முடிந்த மறுநாள், கட்டிய ஆண்டுகளுக்கான இதழ்களாவது நம்மிடம் மிஞ்சுமா என்பதை ஒப்பந்தத்தில் இருக்கும் ஓரிரு வரிகள்தான் முடிவு செய்யும். அந்த வரிகளுக்காக எவ்வளவு மன்றாடினோம் என்பதை வைத்துத்தான் இந்தத் திட்டத்தை மதிப்பிட வேண்டும். இதழ்களின் எண்ணிக்கையை வைத்து அல்ல.

விற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கட்டுரையை எழுதும் பேராசிரியருக்குப் பதிப்பகம் சம்பளம் தருவதில்லை. அதைப் படித்துச் சரிபார்க்கும் சக ஆய்வாளருக்கும் தருவதில்லை. ஆய்வுக்கான செலவு பெரும்பாலும் மக்களின் வரிப்பணம். இப்படிக் கிடைத்த சரக்கைத் திரும்ப அதே பல்கலைக்கழகங்களுக்கு விற்கும் தொழிலில், எல்செவியரை உள்ளடக்கிய ரெலெக்ஸ் குழுமத்தின் அறிவியல் பதிப்புப் பிரிவு ஏறத்தாழ 38 சதவீதம் லாபம் காட்டுகிறது. நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பத்தெட்டு ரூபாய். இவ்வளவு லாபத்தைப் பார்க்கும் தொழில்கள் உலகில் அதிகம் இல்லை.

இதை எதிர்த்துப் பேச முடியாது என்பதும் இல்லை. அமெரிக்காவின் ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தரும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம், 2019 பிப்ரவரியில் எல்செவியருடனான பேச்சை முறித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தியது. இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 2021இல் பதிப்பகம் இறங்கிவந்து, அந்தப் பல்கலைக்கழகத்தாரின் கட்டுரைகளை உலகம் இலவசமாகப் படிக்கும்படி ஒப்பந்தம் செய்துகொண்டது. ஜெர்மனியில் ஏறத்தாழ 200 நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் எல்செவியர் சந்தா இல்லாமலேயே ஓட்டின. அங்கும் 2023இல்தான் உடன்பாடு வந்தது. அந்த ஆண்டுகளில் ஜெர்மானிய அறிவியல் படுத்துவிடவில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்ததாக நிற்கும் நாடு இந்தியா. ஒரே குரலில் பேரம் பேசும் வாய்ப்பு கலிஃபோர்னியாவுக்கு இருந்ததைவிட நமக்கு அதிகம். அந்த பலத்தைப் படிக்கும் உரிமைக்கு மட்டும் செலவழித்துவிட்டோமோ என்பதுதான் என் சந்தேகம். உலகில் புதிதாக வரும் கட்டுரைகளில் ஏறத்தாழ பாதி எப்படியும் யாரும் படிக்கும்படி திறந்தே வெளியாகின்றன. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பூட்டும் சாவியும்.

திறந்த வெளியீட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வாசகரிடம் வாங்காத பணத்தை எழுதுபவரிடம் வாங்குகிறார்கள். ‘நேச்சர்’ இதழ் 2021இல் இந்த முறையைக் கொண்டுவந்தபோது ஒரு கட்டுரைக்கு வைத்த விலை 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டரை லட்சம் ரூபாய்க்குப் பக்கம். யுஜிசியின் இளநிலை ஆய்வு உதவித்தொகை இப்போது மாதம் 37,000 ரூபாய். ஒரு மாணவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாங்கும் தொகையை ஒரே கட்டுரைக்குக் கட்ட வேண்டும். ஒரே சந்தா திட்டத்தில் இதற்கென ஆண்டுக்கு 150 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். உதவிதான். ஆனால் பணம் போய்ச் சேரும் வாசல் அதே வாசல்.

அரசுக் கல்லூரிகளைத் தாண்டி வந்தால் நிலைமை வேறு. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் தமிழ்நாடு 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4 என்று 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை சொல்வதை நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறோம். அந்த 47இல் பெரும்பகுதி தனியார் கல்லூரிகள் சுமப்பது. மாநிலத்தின் 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். ஆனால் இந்தத் திட்டம் அரசு நிறுவனங்களோடு நின்றுவிட்டது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்த 13,000 இதழ்களில் ஒன்றும் இல்லை. ‘ஒரே நாடு’ என்ற பெயருக்குள் அவர் வர மாட்டாரா? அவர் இதுவரை நம்பியிருந்த சை-ஹப் தளத்தையும், பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் முடக்கச் சொல்லிவிட்டது.

தமிழ்த் துறைகளின் பக்கம் வந்தால் இன்னும் சங்கடம். 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. கலித்தொகை பற்றியோ கொங்கு வட்டாரச் சொற்கள் பற்றியோ ஆய்வு செய்பவருக்கு அவற்றிலிருந்து கிடைப்பது சொற்பம். தமிழில் ஆய்விதழ் மரபு இல்லாமல் இல்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ 1902இல் வரத் தொடங்கியது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ 1925இல். தனிநாயகம் அடிகள் 1952இல் தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ ஆங்கிலத்தில் வந்து உலகத்தின் பார்வையைத் தமிழ் பக்கம் திருப்பியது. பாடபேதம் ஒன்றுக்காக இதழ் இதழாக மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும் எழுதிய காலம் அது. இன்று சக ஆய்வாளர் மதிப்பீடு என்று சொல்கிறோமே, அதை அன்று வெளிப்படையாகவே செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த மரபின் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று யுஜிசி கட்டாயமாக்கியதும், ஐஎஸ்எஸ்என் எண் ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு பணம் கட்டியவருக்கெல்லாம் கட்டுரை போடும் ‘பன்னாட்டு’ இதழ்கள் முளைத்தன. கருத்தரங்கத் தொகுப்பு என்ற பெயரில் நூறு கட்டுரைகளை ஒரே தொகுதியில் திணித்தார்கள்; மெய்ப்புப் பார்த்தார்களா என்றுகூடக் கேட்க முடியாது. 2022இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. தரமான இதழ்களைப் பிரித்துக் காட்ட வந்த யுஜிசி-கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. எது நல்ல இதழ் என்று இனிப் பல்கலைக்கழகங்களே முடிவு செய்துகொள்ள வேண்டுமாம். நல்லது. அதற்கு முதலில் நல்ல இதழ்கள் சில இருக்க வேண்டுமே!

ஓர் ஆய்விதழை இணையத்தில் நடத்தப் பெரிய முதலீடு வேண்டாம். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டவர்கள் உருவாக்கிய ‘ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’ மென்பொருள் இலவசம். படிப்பவரிடம் பணம் வாங்காமல் ‘சைஎலோ’ என்ற பொதுத் தளத்தின் வழியே பிரேசில் 1990களின் இறுதியிலிருந்து தன் ஆய்விதழ்களை நடத்துகிறது. லத்தீன் அமெரிக்க நாடுகள் பல அதில் சேர்ந்துகொண்டன. வேண்டியது ஒரு பொறுப்பாசிரியர், ஒரு மெய்ப்பாளர், கொஞ்சம் தொழில்நுட்ப உதவி. ஒரே சந்தாவின் ஓராண்டுச் செலவு 2,000 கோடி. அதில் ஒரு சதவீதம் 20 கோடி. இதழுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்று வைத்தால் இந்திய மொழிகளில் 400 ஆய்விதழ்களை நடத்தலாம். அவை எவரிடமும் திரும்பப் போகாது.

சொந்தமாகச் செய்ய நமக்குத் தெரியாது என்ற பேச்சு வேண்டாம். அதே இன்ஃப்லிப்நெட் நடத்தும் ‘ஷோத்கங்கா’வில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆய்வேடுகள் உலகத்தார் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. ஈழத்து ஆவணங்களுக்காகத் தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ தளம், யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கொடுத்த சமூகம் இனி எதையும் இழக்கக் கூடாது என்ற பிடிவாதத்தில் வளர்ந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக மாறியதால்தான் எத்தனையோ பழைய இதழ்கள் இன்று ஆய்வாளர் கைக்குக் கிடைக்கின்றன.

கடைசியாக ஒன்று, சிறியதாகத் தோன்றினாலும் சிறியதல்ல. சந்தா கட்டினால் மட்டும் கட்டுரை கைக்கு வந்துவிடாது. கல்லூரி வளாகத்தின் இணைய இணைப்பில் இருந்தால் இதழ் தானாகத் திறக்கும். வீட்டிலிருந்து படிக்க, கல்லூரியில் இதற்கான பொறுப்பாளர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கித் தர வேண்டும். அந்தப் பொறுப்பு இயல்பாக நூலகருடையது. நூலகர் பணியிடம் காலியாகக் கிடந்தால், ஏற்கெனவே மூன்று குழுக்களில் இருக்கும் ஓர் உதவிப் பேராசிரியரின் தலையில் அது விழும். ஐந்தரை மணி பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவிக்கு வீட்டில் எதுவும் திறக்காது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன், நூல் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பதைத் தன் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார். அவர் பெயரைச் சொல்லி விழா எடுக்கும் மாநிலத்தில் நூலகர் பணியிடங்களை நிரப்புவதைத் தள்ளிப்போட நியாயம் இல்லை.

இப்போதைய சந்தா 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. புதுப்பிப்புக்கு உட்காரும் முன் எந்தக் கல்லூரி எத்தனை கட்டுரைகளை இறக்கியது, எந்த இதழை யாருமே திறக்கவில்லை என்ற கணக்கை இன்ஃப்லிப்நெட் பொதுவில் வைக்க வேண்டும். கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் என்றைக்கும் நம்முடையவை என்ற உறுதியும், தனியார் கல்லூரி மாணவர்களுக்கான வழியும் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. இதை டெல்லி தானாகக் கேட்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் துணைவேந்தர்களும் உயர்கல்வித் துறையும் இந்தக் கல்வியாண்டிலேயே எழுத்தில் கேட்க வேண்டும்.