நஞ்சுக்கு மருந்தென்று பெயர்

வெங்காயத்தில் புழு விழுந்தால், "அளவறியாமல் மருந்தடிக்கிறான்" என்று கொடிகாமத்துக் கமக்காரனைப் படித்தவர்கள் பழிக்கின்றனர். அளவை அவனுக்குக் கற்பித்தவர் யார்? நஞ்சை விற்பவனே வைத்தியனாகவும் இருக்கிறான். (நஞ்சுக்கு மருந்தென்று பெயரிட்டதும் நம் தமிழேதான்!)

வியாபாரி சொல்லாத செய்தி ஒன்றுண்டு. பச்சைப்புழு இளமையிலேயே குழல் போன்ற தாளைத் துளைத்து உள்ளே புகுந்துகொள்ளும்; இலைப்பேன் தாள்களின் இடுக்கில் பதுங்கும். தெளிக்கும் நஞ்சு இவ்விரண்டையும் எளிதில் எட்டுவதில்லை. வெளியே திரிந்து இவற்றைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும், புழுவின் உடலில் முட்டையிடும் சிறு குளவியுமே முதலில் மடிகின்றன. காவலர் செத்த தோட்டத்தில் இலைப்பேன் சில வாரங்களில் மீண்டும் பெருகுகிறது; கமக்காரன் மீண்டும் கடனுக்குப் போத்தல் வாங்குகிறான். எஞ்சிய நஞ்சோ சுண்ணக்கல்லினூடே நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. வற்றாத ஆறொன்றில்லாத குடாநாட்டில் நாம் குடிப்பது அந்நீரையன்றோ?

2021 மே மாதம் அரசு இரசாயன இறக்குமதியை ஒரே கையெழுத்தில் தடுத்தது, நவம்பரில் தளர்த்தியது. அறிவைக் கொடாமல் போத்தலை மட்டும் பறிப்பதை முற்போக்கென்று நான் ஒப்பேன். முட்டைக் குவியலைத் தாளோடு கிள்ளி அழிக்கலாம் என்பதையாவது நம் பள்ளிகள் கற்பிக்கட்டும். பூச்சியின் வாழ்க்கை வட்டத்தைப் பரீட்சைக்கு அழகாக வரையும் மாணவன், தகப்பனின் தோட்டத்தில் பொறிவண்டின் குஞ்சைக் கண்டால் புழுவென்று நசுக்குகிறான்.