ஆகஸ்ட்டில் தோண்டிய மண்ணுக்கு அக்டோபரில் 18% வரி: அரசு ஒப்பந்ததாரர் கணக்கு எங்கே உதைக்கிறது?

ஒரு உதாரணம். ஏரி தூர்வாரும் வேலை. 2025 ஆகஸ்ட்டிலேயே மண்ணை அள்ளி முடித்தாச்சு. பொறியாளர் வந்து அளவெடுத்தது செப்டம்பர் கடைசியில். பில் போட்டதும் பணம் வந்ததும் அக்டோபரில். இந்த வேலைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமா, 18 சதவீதமா?

18 சதவீதம். வேலை நடந்தபோது இல்லாத வீதம் அது!

2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜிஎஸ்டி வீதங்கள் மாறியபோது டிவி, ஏசி, ஷாம்பு விலை குறைவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். ஆனால் அதே பட்டியலில் வரி ஏறியவையும் இருந்தன. அதில் ஒன்று, அரசுக்குச் செய்யும் மண் வேலை. அதாவது, ஒப்பந்த மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் மண் வேலையாகவே இருக்கும் பணிகள். கால்வாய் வெட்டுவது, கரை போடுவது, ஏரி ஆழப்படுத்துவது எல்லாம் இந்த வகையில் வரக்கூடியவை. 2022 ஜூலை 18-க்கு முன்பு இதற்கு வரி 5%. பிறகு 12% ஆனது. இப்போது 18%.

சரி, வேலை முடிந்த பிறகு வீதம் மாறினால் எதைக் கட்டணும்? ஜிஎஸ்டி சட்டத்தில் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. வேலை முடிந்தது மாற்றத்துக்கு முன்பு, ஆனால் இன்வாய்ஸ், பணம் இரண்டுமே மாற்றத்துக்குப் பிறகு என்றால் புதிய வீதம். இரண்டில் ஒன்றாவது முன்பே நடந்திருந்தால் பழைய வீதம். ஆக, இந்த உதாரணத்தில் வரியைத் தீர்மானித்தது மண்ணை அள்ளிய தேதி கிடையாது. அளவெடுப்பு தள்ளிப்போன சில வாரங்கள்தான். 10 லட்சம் ரூபாய் வேலைக்கு 60,000 ரூபாய் வித்தியாசம்.

அந்த 60,000-ஐ யார் கொடுப்பது? ஒப்பந்தத்தில் ‘ஜிஎஸ்டி தனி’ என்று இருந்தால் அரசுத் துறை கொடுக்க வேண்டும். ‘அனைத்து வரிகளும் உள்பட’ என்று கையெழுத்துப் போட்டிருந்தால் பெரும்பாலும் ஒப்பந்ததாரர் தலையில்தான் விழும். டெண்டர் போடும் அவசரத்தில் யாரும் நின்று படிக்காத ஒரு வரி இது. 2017-ல் வாட் போய் ஜிஎஸ்டி வந்தபோதும் இதே கேள்விக்காகப் பல மாநிலங்களில் ஒப்பந்ததாரர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

சிமென்ட் குறைந்தது, டீசல்?

கட்டடம் கட்டும் ஒப்பந்ததாரருக்கு இந்த வீத மாற்றத்தில் ஒரு ஆறுதல் உண்டு. சிமென்ட் வரி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மண் வேலைக்காரருக்கு சிமென்ட்டால் என்ன பிரயோஜனம்? அவருடைய பெரிய செலவு டீசலும் கூலியும் பொக்லைன் வாடகையும். டீசல் இன்னும் ஜிஎஸ்டிக்குள்ளேயே வரவில்லை. அதற்குக் கட்டிய வாட் வரியை ஜிஎஸ்டியில் கழிக்க முடியாது. கூலிக்கு வரியே இல்லை, அதனால் கழிக்கவும் ஒன்றுமில்லை. மிச்சம் இருப்பது பொக்லைன் வாடகை. வண்டி உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருந்து, ஒழுங்காக ரிட்டர்னும் தாக்கல் செய்தால்தான் அந்தக் கழிவு கிடைக்கும். கிராமத்தில் ஒரே ஒரு பொக்லைன் வைத்திருப்பவரிடம் இதை எதிர்பார்ப்பது கொஞ்சம் ஓவர்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கப்பட்ட பணிகள் தொடர்பாக அரசுக்குச் செய்யும் வேலையில், பொருட்களின் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரிவிலக்கு கேட்க இடம் உண்டு. ஒரே ஏரி வேலையை ஒருவர் விலக்கு என்று காட்டலாம், இன்னொருவர் 18% என்று காட்டலாம். ஆடிட் வரும்போதுதான் யார் சரி என்று தெரியும் என்பது நல்ல ஏற்பாடு இல்லை.

எல்லாம் எம்-புக்கில் ஆரம்பிக்கிறது

அரசு வேலையில் கணக்கின் முதல் பக்கம் ஒப்பந்ததாரரின் டேலியில் இல்லை. பொறியாளர் கையில் இருக்கும் அளவுப் புத்தகத்தில் இருக்கிறது. எல்லோரும் ‘எம்-புக்’ என்பார்கள். பக்க எண் போட்டிருக்கும், பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, அடித்துத் திருத்தினால் கையெழுத்து வேண்டும். கீழ்நிலைப் பொறியாளர் அளவெடுத்து எழுதுவார், மேலதிகாரி சரிபார்ப்பார். அதில் ஏறாத வேலைக்குப் பணம் கிடையாது.

மண் வேலையில் இது இன்னும் நுட்பமானது. கட்டடத்தை இன்றைக்கும் டேப் வைத்து அளக்கலாம். ஏரியில் எத்தனை கன மீட்டர் எடுத்தார்கள் என்பது, தோண்டும் முன்பும் பின்பும் எடுத்த மட்ட அளவுகளின் வித்தியாசம்தான். வடகிழக்குப் பருவமழை வந்து ஏரி நிரம்பிவிட்டால் எதையும் மறுபடி அளக்க முடியாது. அதனால்தான் தூர்வாரும் பணி என்றாலே தணிக்கையாளர்கள் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். அது நியாயமான சந்தேகம் என்றே சொல்வேன். தண்ணீருக்கு அடியில் எவ்வளவு ஊழலையும் ஒளித்து வைக்கலாம். ஆனால் அதே தண்ணீர், நேர்மையாக வேலை செய்தவரின் சாட்சியையும் சேர்த்தே மூடிவிடுகிறது. மட்ட அளவு எடுக்கும்போது ஒப்பந்ததாரர் தன் பக்கமும் நகல், தேதியுள்ள படங்கள் வைத்துக்கொள்வதுதான் அவருக்கிருக்கும் பாதுகாப்பு.

“சிஏஜி துறையைத்தானே தணிக்கை செய்யும், எனக்கு என்ன?” என்று கேட்கலாம். பொதுவாக அது சரி. அரசோடு வருவாயைப் பங்கிடும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கணக்கையே சிஏஜி பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது தனிக்கதை. சாதாரண ஏரி வேலைக்காரரின் டேலியை சிஏஜி அதிகாரி வந்து திறக்கப்போவதில்லை. ஆனால் துறையின் ஆவணங்களைப் பார்த்து ‘இந்த பில்லில் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள்’ என்று ஆட்சேபம் எழுதினால், துறை அதை அடுத்த பில்லிலோ வைப்புத்தொகையிலோ பிடித்துக்கொள்ள முடியும். தணிக்கை அங்கே, பிடித்தம் இங்கே.

10 லட்சம் பில், கைக்கு 10.90 லட்சம்

இப்போது கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். வேலை மதிப்பு 10,00,000 ரூபாய், ஜிஎஸ்டி 1,80,000. மொத்தம் 11,80,000. இதில் வருமான வரி டிடிஎஸ், தனிநபர் ஒப்பந்ததாரர் என்றால் 1%: 10,000. ஜிஎஸ்டி டிடிஎஸ் 2%: 20,000. கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1%: 10,000. நிறுத்திவைப்பு 5% என்று வைத்துக்கொண்டால் 50,000. வங்கிக்கு வருவது 10,90,000.

அனுபவமில்லாத கணக்கர் செய்யும் முதல் தவறு, வங்கியில் வந்த 10.90 லட்சத்தையே வருமானமாக எழுதுவது. ஜிஎஸ்டி ரிட்டர்னில் 10 லட்சம். வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் 10 லட்சம். துறை தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-7 ரிட்டர்னிலும் 10 லட்சம். உங்கள் புத்தகத்தில் மட்டும் வேறு எண். இதைக் கண்டுபிடிக்க அதிகாரி தேவையில்லை, கம்ப்யூட்டரே ஒப்பிட்டு நோட்டீஸ் அனுப்பிவிடும்.

நிறுத்திவைத்த 50,000 இன்னும் வரவில்லையே, அதை ஏன் இப்போதே காட்டணும் என்பார்கள். அது வரவேண்டிய பாக்கி, சொத்துப் பக்கம் உட்கார வேண்டும். பிடித்த 20,000 ஜிஎஸ்டி செலவு கிடையாது, உங்கள் பணம். துறை ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் கட்டி ரிட்டர்ன் போட வேண்டும். போட்டதும், நீங்கள் ஜிஎஸ்டி தளத்தில் போய் அதை ஏற்றுக்கொண்டால்தான் உங்கள் ரொக்கப் பேரேட்டுக்கு வரும். இந்த ஒரு க்ளிக்கைச் செய்யாமல் பணத்தை அங்கேயே தூங்க விடுபவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகத் தணிக்கை வரம்பு. ஆண்டு வரவு 1 கோடியைத் தாண்டினால் பட்டயக் கணக்காளரின் வரித் தணிக்கை வேண்டும். வரவிலும் செலவிலும் ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 10 கோடி. அரசு பணம் முழுக்க வங்கி வழியாகத்தான் வரும், வரவுப் பக்கம் பிரச்சினை இல்லை. செலவில்தான் மாட்டுவார்கள்: சனிக்கிழமை கூலி ரொக்கம், டீசல் ரொக்கம். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பொதுவாக அந்தச் செலவையே வருமான வரியில் கழிக்க முடியாது. லாரி வாடகைக்கு மட்டும் 35,000 வரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 22-க்கு முன்பு முடித்த மண் வேலைக்கு இன்னும் பில் போடாமல் இருந்தால் முதலில் எடுக்க வேண்டியது ஒப்பந்தப் பத்திரம். வரி தனியா, உள்பட்டதா என்ற அந்த வரியையும், எம்-புக்கில் அளவு ஏறிய தேதியையும் பார்த்த பிறகு ஆடிட்டரிடம் போங்கள். ‘தனி’ என்று இருந்தால், கூடுதல் 6 சதவீதத்துக்கான கோரிக்கையைக் கடைசி பில் முடியும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.