தனி விமானத்தின் எண்ணெய்ச் செலவு யார் தலையில்?

தொழிலாளத் தோழர்களே! ஆபீஸ் உத்தியோகத்தர்களே!

"பூசணிக்காய் போன இடம் தெரியாது, கடுகு போன இடம் ஆராய்வார்" என்பது நம் முன்னோர் வாக்கு. கூலி உயர்வு கேட்டு மேசைக்கு முன் உட்காரும்போதெல்லாம் நமக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது. "உற்பத்திச் செலவு ஏறிவிட்டது, ரப்பர் விலை போதாது, இதற்கு மேல் ஒரு காசும் கொடுக்க இயலாது" என்று எதிர்த் தரப்பில் சொல்வார்கள். செலவு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் நேரான பதில் வருவதில்லை.

நாம் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர்கள். மங்கு எத்தனை, வெட்டுக் கத்தி எத்தனை, பால் உறைய வைக்கும் அமிலம் எத்தனை டின், லாரிக்கு டீசல் எத்தனை லிட்டர் என்று ஒவ்வொன்றையும் எழுதி மேலே அனுப்புகிறோம். ஒரு டின் கூடினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அது சரியே; கணக்கு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் மேலே போகப் போகச் செலவு பெரிதாகிறது. கேள்வி கேட்பாரோ குறைந்துவிடுகிறார்கள். இதற்கு உதாரணமாக, உலகத்துப் பெரிய கம்பெனிகளின் தலைவர்மார் ஏறிப் பறக்கும் தனி விமானத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் எண்ணெய்க் கணக்கைப் பார்ப்போம். நாலைந்து பேர் ஏறும் சிறிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 380 லிட்டர் எண்ணெய் குடிக்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் தாண்டும் பெரிய தனி விமானமோ மணிக்குச் சுமார் 1,700 லிட்டர் குடிக்கிறது. இந்த 1,700 லிட்டர் எவ்வளவு என்பதை நம் அளவுகோலால் அளந்து பார்ப்போம். தோட்டத்தில் நாம் ஓட்டும் சிறிய மோட்டார் சைக்கிள் ஒரு லிட்டருக்கு 50 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், 1,700 லிட்டருக்கு 85,000 கிலோமீட்டர் போகலாம். உலகத்தையே இரண்டு முறை சுற்றி வரலாம்! தினம் 20 கிலோமீட்டர், மாதம் 26 நாள் வேலைக்குப் போய் வரும் ஒரு தொழிலாளிக்கு அது பதின்மூன்று ஆண்டுக்கு மேல் வரும். பதின்மூன்று ஆண்டு ஓட்டம் அங்கே ஒரு மணி நேரத்தில் புகையாகிறது.

பணமாகவும் பார்ப்போம். விமான எண்ணெய் விலை ஏறி இறங்கும். கணக்குக்காக லிட்டர் 3 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 5,100 வெள்ளி ஆகிறது. இந்நாட்டில் 2025 பிப்ரவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆகவே, பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தொழிலாளியின் மூன்று மாதச் சம்பளம் எண்ணெயாக மட்டும் எரிகிறது. கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் பதின்மூன்று மணி நேரம் என்றால், மூன்று ஆண்டு மூன்று மாதச் சம்பளம்! விமானிகள் சம்பளம், பழுது பார்ப்பு, இன்சூரன்ஸ், நிறுத்துமிடத்து வாடகை, விமானத்தின் விலை ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

"எல்லா விமானமும் எண்ணெய் குடிக்கத்தானே செய்யும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 180 இருக்கை கொண்ட சாதாரணப் பயணி விமானம் மணிக்குச் சுமார் 3,000 லிட்டர் எரிக்கிறது. அதில் 150 பேர் ஏறினால் ஆளுக்கு 20 லிட்டர். பெரிய தனி விமானத்தில் நாலே பேர் ஏறினால் ஆளுக்கு 425 லிட்டர். சிறியதும் பெரியதுமாக எல்லாத் தனி விமானங்களையும் சேர்த்துப் பார்த்து, ஆள் கணக்கில் அவை பயணி விமானத்தைப் போல் 5 முதல் 14 மடங்கு வரை புகை கக்குகின்றன என்று ஐரோப்பாவின் 'போக்குவரத்தும் சுற்றுச்சூழலும்' என்ற அமைப்பு 2021இல் கணக்கிட்டுச் சொன்னது.

இன்னொன்றும் உண்டு. விமானம் தரையை விட்டு மேலே ஏறும்போதுதான் எண்ணெய் அதிகம் எரியும். 40,000 அடி உயரத்தில் காற்று மெல்லியது, தடை குறைவு, அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் எண்ணெய் மிச்சமாகும். ஆகவே குட்டைப் பயணம் என்றால் ஏறுவதும் இறங்குவதுமாகவே போய், எண்ணெய் வீணாகிறது. 2024இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, தனி விமானப் பயணங்களில் ஏறக்குறையப் பாதி 500 கிலோமீட்டருக்கும் குறைந்தவை என்று காட்டியது. சுபாங்கிலிருந்து சிங்கப்பூர் சிலேத்தாருக்குப் போகும் தூரம்கூட இதற்குள் அடங்கும். நம்மவர்கள் பஸ் ஏறிப் போய் வரும் தூரம் அது! 2023ஆம் ஆண்டில் தனி விமானங்கள் கக்கிய கரியமில வாயு 156 லட்சம் டன் என்றும், 2019லிருந்து அது 46 சதவீதம் கூடியது என்றும் அதே ஆராய்ச்சி சொல்கிறது. பருவம் தவறி மழை கொட்டினால் வெட்டு நிற்பது யாருக்கு? வெட்டு நின்றால் வருமானம் குறைவது யாருக்கு? தோழர்களே, இதை நாம் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

சரி, இந்தச் செலவை யார் சுமக்கிறார்கள்? விமானத்தில் போகிறவர் தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்தால் நமக்குப் பேச்சில்லை. கம்பெனி விமானம் என்றால் அது கம்பெனிக் கணக்கில் 'நிர்வாகச் செலவு' ஆகிறது. கூலியும் அதே கணக்கில்தான் இருக்கிறது. கஷ்ட காலம் வந்தால் இரண்டில் எதில் முதலில் கை வைப்பார்கள் என்பதற்குச் சரித்திரம் சாட்சி கூறுகிறது.

2008 நவம்பரில் அமெரிக்காவின் மூன்று பெரிய மோட்டார் கம்பெனிகளான ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகியவற்றின் தலைவர்கள், 2,500 கோடி டாலர் உதவி கேட்டு வாஷிங்டன் போனார்கள். மூவரும் டெட்ராய்டிலிருந்து மூன்று தனி விமானங்களில் போனார்கள்! கையேந்தப் போனவர்கள் ஒரே விமானத்தில்கூடப் போகவில்லை. ஊர் சிரித்தது. அடுத்த மாதம் திரும்பப் போனபோது காரில் போனார்கள். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாகி நீதிமன்றம் ஏறின. அங்குள்ள மோட்டார் தொழிலாளர் சங்கம் விலைவாசிப்படி முதலிய உரிமைகளை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் கதை இன்னும் விசித்திரம். அதன் முன்னாள் தலைவர் போன சில பயணங்களில், அவர் விமானம் பழுதானால் உதவும் என்று, ஆளில்லாத இரண்டாவது விமானம் ஒன்று பின்னால் பறந்தது என 2017 அக்டோபரில் செய்தி வெளியாயிற்று. தமக்குத் தெரியாது என்றார் அவர். அதே ஆண்டு டிசம்பரில் அக்கம்பெனியின் மின் உற்பத்திப் பிரிவில் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. விமானத்தை நிறுத்தியிருந்தால் அந்த 12,000 பேரின் வேலையும் தப்பியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. வெற்று விமானம் ஒன்று பறந்ததே, அதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமாவது போயிருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறோம்.

வரி விஷயத்திலும் ஓரவஞ்சனை உண்டு. அமெரிக்காவில் 2017இல் வந்த சட்டம், தொழிலுக்கென்று வாங்கும் விமானத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே செலவாகக் கழித்துக்கொள்ள இடம் கொடுத்தது. இடையில் குறைக்கப்பட்ட அச்சலுகை 2025இல் மீண்டும் முழுமையாக்கப்பட்டது. அங்கே கம்பெனி வரி 21 சதவீதம். ஆகவே நூறு டாலருக்கு விமானம் வாங்கினால் அந்த ஆண்டு வரியில் 21 டாலர் குறைகிறது. அந்தத் துண்டு விழுந்த பணத்தை நிரப்புவது பொதுஜனம். 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையோ, வெளிநாட்டிலிருந்து வரும் விமானம் தன் டாங்கியில் கொண்டுவரும் எண்ணெய்க்குச் சுங்கவரி கூடாது என்கிறது.

நம் நாட்டில் 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. உதவித்தொகை வசதியுள்ளவர்களுக்குப் போகக் கூடாது என்று அரசாங்கம் காரணம் சொன்னது. கொள்கை நல்ல கொள்கையே. ஆனால் தரையில் ஓடும் லாரிக்குப் பொருந்தும் கொள்கை ஆகாயத்தில் பறக்கும் சீமானுக்கும் பொருந்த வேண்டாமா?

"தலைவர்மாரின் நேரம் விலை மதிப்புள்ளது" என்று பதில் சொல்வார்கள். நேரத்துக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நிற்பவர்களின் நேரத்துக்கும் மதிப்பு உண்டு. நோயாளியைத் தூக்கிப் போகும் விமானத்தையும் நாம் குறை சொல்லவில்லை. அந்த விமானங்களை ஓட்டுகிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் நம்மைப் போன்ற உழைப்பாளிகளே. அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. இன்னும் சொல்லப்போனால், விமான டயரில் பெரும்பகுதி இயற்கை ரப்பர்தான். இறங்கும்போது உண்டாகும் சூட்டையும் அதிர்ச்சியையும் தாங்கும் சக்தி செயற்கை ரப்பருக்கு அவ்வளவு கிடையாது. சீமானின் விமானம் பத்திரமாகத் தரையிறங்குவது ரப்பர் வெட்டும் கையால்தான்!

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கூலிப் பேச்சுவார்த்தையில் 'செலவு' என்ற சொல் எழும்போதெல்லாம் அதைப் பிரித்துக் காட்டும்படி கேட்க வேண்டும். தோட்டத்துச் செலவு எவ்வளவு, தலைமை ஆபீஸ் செலவு எவ்வளவு, டைரக்டர்மாரின் பயணச் செலவு எவ்வளவு என்று தனித்தனியே கேட்க வேண்டும். இரண்டாவது, பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் தம் டைரக்டர்களின் சம்பளத்தையும் சலுகைகளையும் பெயர்வாரியாக ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும் என்பது இங்கே விதி. அந்த அறிக்கையை வாங்கிப் படித்து, தொழிலாளத் தோழர்களுக்கு விளக்கிச் சொல்வது கணக்குத் தெரிந்த உத்தியோகத்தர்களாகிய நம் கடமை. மூன்றாவது, தனி விமானப் பயணத்துக்குத் தனி வரி வேண்டும் என்று சங்கங்கள் அரசாங்கத்தைக் கேட்க வேண்டும். 2025 மார்ச் முதல் பிரான்சு அப்படி வரி வாங்குகிறது. தொலைதூரத் தனி ஜெட் பயணத்துக்கு ஆளுக்கு 2,100 யூரோ வரை. பிரான்சால் முடிந்தது மற்றவர்களால் முடியாதா?

ஒரு டின் அமிலத்துக்குக் கணக்குக் கொடுக்கிறவர்கள் நாம். மணிக்கு 1,700 லிட்டருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அடுத்த பேச்சுவார்த்தை வருமுன் ஆண்டறிக்கையை வாங்கிப் படியுங்கள், தோழர்களே!