இனி வராத தேயிலை

எம் வீட்டிலே பொழுது விடிவது அடுப்படியில். கேத்தல் கொதித்து, தேயிலையின் மீது வெந்நீர் விழுந்து, அதன் மணம் விறாந்தை வரை வந்த பின்னரே மற்றைய அலுவல்கள் தொடங்கும். இவ்வநுபவம் வாசகர்களுட் பலருக்கும் உரியதே. ஆகவே, சென்ற தைப்பொங்கலுக்குப் பின் எம் வீட்டில் நேர்ந்த ஒரு சிறு இடரை ஈண்டு எடுத்துரைத்தால் அதனை அற்ப விஷயமென்று தள்ளிவிடமாட்டீர்கள் என நம்புகின்றோம்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எம் வீட்டில் வாங்கப்பட்டு வந்தது ஒரே தேயிலைப் பைக்கற்று. அதன் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அன்று வழமை போலக் கடைக்குச் சென்று கேட்டோம். முதலாளி தட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

“மாஸ்ரர், அது இனி வராது. கொம்பனி நிப்பாட்டிப் போட்டுது. வேற நல்ல சாமான் இருக்கு, தரட்டோ?”

வேறொன்றை வாங்கி வந்தோம். அதிலே குறை கூறுதற்கு யாதுமில்லை. ஆனால் எம் அன்னையார் ஒரு மிடறு பருகிவிட்டு மூக்குப்பேணியைக் கீழே வைத்தார். “இது எங்கட வீட்டுத் தேத்தண்ணி இல்லை” என்றார்.

அன்னையாருக்கு இப்பொழுது எண்பத்திரண்டு வயது. அண்மைக் காலமாக ஞாபகம் தளர்ந்து வருகின்றது. கிழமை மாறிப்போகும், பேரப்பிள்ளைகளின் பெயர்களும் மாறிப்போகும். ஆயினும், ஐயா காலமான நாள் முதலாக இந்த ஆறு ஆண்டுகளில், காலை ஐந்தரை மணிக்கு முதற்பேணித் தேநீரை ஐயாவின் படத்தின் முன்னே வைக்க அவர் ஒரு நாளேனும் மறந்ததில்லை. மறுநாட் காலை படத்தின் முன்னே பேணி இல்லை. காரணம் கேட்டோம். “உதை அவர் குடிக்கமாட்டார்” என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். கொழும்பிலே யாரோ எடுத்த முடிவொன்று, எம் வீட்டிலே ஒரு நியமத்தை நிறுத்திவிட்டது.

அந்தத் தேயிலையோடு எமக்கிருந்த உறவு நாவளவில் நின்றதன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாம் பத்தாம் வகுப்பு மாணவர். அன்னையார் அள்ளிக் கட்டிய மூட்டையிலே பாதி தீர்ந்த பைக்கற்று ஒன்றும் இருந்தது. மறுநாள் ஒரு பாடசாலை வளவிலே மூன்று கல் வைத்து ஐயா தண்ணீர் சுடவைத்தார். சீனி கிடையாது. ஒரு சிறு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு, அயலிலே இருந்தவர்களும் நாமுமாய் அந்தச் சாயத்தைப் பகிர்ந்து குடித்தோம். அந்த மணம் வந்தபோது வீட்டிலிருப்பது போலத் தோன்றியது எமக்கு இன்றும் நினைவிருக்கின்றது.

கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினோம். விற்பனை போதாமையால் அத்தயாரிப்பு நிறுத்தப்பட்டதென்றும், தமது ஏனைய தயாரிப்புகளைப் பாவித்துப் பார்க்கலாமென்றும் மரியாதையாகப் பதில் வந்தது. கோபித்துப் பயனில்லை. இத்தனை காலமும் நாம் குடித்தது உண்மையில் யாது என்று ஆராயத் தலைப்பட்டோம். அறிந்தவற்றை மாணவர்க்கும் பயன்படுமென்று கூறுகின்றோம்.

இலங்கையில் வர்த்தக முறையிலான தேயிலைச் செய்கை 1867ஆம் ஆண்டு, கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலே, ஜேம்ஸ் டெயிலர் என்பவரால் 19 ஏக்கரில் தொடங்கப்பட்டது. இன்று விளையும் தேயிலை நிலத்தின் உயரத்தைக் கொண்டு மூவகைப்படும். கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்குட்பட்டது தாழ்நிலத் தேயிலை. 2,000 முதல் 4,000 அடி வரை இடைநிலத் தேயிலை. அதற்கு மேற்பட்டது உயர்நிலத் தேயிலை. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பகுதிகளின் தாழ்நிலத் தேயிலை கடுஞ் சாயம் தரும். நுவரெலியாத் தேயிலையின் சாயம் இளநிறமானது. மணமே அதன் சிறப்பு. ஊவாவிலே யூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று வீசுங் காலத்திற் பறிக்கப்படும் கொழுந்துக்குத் தனி வாசனை உண்டு. மேற்குச் சரிவிலுள்ள திம்புலப் பகுதிக்கோ யனவரி முதல் மார்ச் வரையே நல்ல பருவம்.

கடையில் நாம் வாங்கும் கலவைத் தேயிலை இவற்றுட் பலவற்றைச் சேர்த்து ஆக்கப்படுவது. கொழும்பிலே 1883ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஏலம் இன்றும் வாரந்தோறும் நடைபெறுகின்றது. அங்கே வாங்குமுன் சுவைஞர் ஒருவர் மாதிரிகளை வரிசையாக வைத்துச் சோதிப்பார். நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தேயிலை, ஆறு நிமிடம் என்பது சர்வதேச நியமம். பின்னர் கரண்டியால் எடுத்து ஓசையுடன் உறிஞ்சி, நாவிலே புரட்டி, உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார். ஒரு தோட்டத்தின் தேயிலை இவ்வாரம் இருந்தபடி அடுத்த வாரம் இராது. மழை கூடினாலும் வெயில் கூடினாலும் சுவை வேறுபடும். ஆகவே, பைக்கற்றின் சுவை மாறாதிருக்க வேண்டுமாயின், அதனுள்ளே சேரும் தேயிலைகளும் அவற்றின் அளவும் மாறிக்கொண்டே இருத்தல் வேண்டும். எம் தேயிலை முப்பத்தைந்து ஆண்டு ஒன்றுபோல் இருந்ததென்றால், யாரோ ஒருவர், அவருக்குப் பின் இன்னொருவர், அத்தனை காலமும் சலியாது அதனை மாற்றி மாற்றி அமைத்தனர் என்பதே பொருள். அவர்களுள் ஒருவருக்கேனும் “நன்று” என்று ஒரு வரி நாம் எழுதியதில்லை. நின்ற பின்னரே கடிதம் எழுதினோம்.

இந்நிலையில், எம் அயல்வீட்டிலே தங்கி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயிலும் பதுளை மாணவர் ஒருவர், விடுமுறை முடிந்து திரும்புகையில் ஊவாத் தேயிலை அரைக் கிலோ கொண்டுவந்து தந்தார். அவர் தோட்டத்துப் பிள்ளை. தாயார் கொழுந்து பறிப்பவர். எமது குறையைக் கேட்டு அவர் மெல்லச் சிரித்தார்.

“சேர், எங்க அம்மா முப்பது வருசமா கொழுந்து எடுக்கிறாங்க. எங்க லயத்தில குடிக்கிறது தூள்தான். இந்த மாதிரித் தேயிலைய வாங்கித்தான் நானும் கொண்டாந்தேன். அம்மா இன்னும் குடிச்சுப் பார்த்ததில்ல.”

எமக்கு நாணமாயிருந்தது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளிக் கிள்ளி அதனைச் சேர்க்கும் கை எத்தகையது என்று இத்தனை ஆண்டில் ஒரு காலைப்பொழுதேனும் நாம் நினைத்ததுண்டோ? ஒரு பைக்கற்று நின்றதற்கு நாம் வருந்துகின்றோம். அவ்வம்மையாருக்கோ அப்படி ஒன்றை இழப்பதற்கே வாய்ப்பிருக்கவில்லை.

அன்று மாலை முதலாக நாமும் அம்மாணவருமாய்ச் சோதனை தொடங்கினோம். கடையில் வாங்கிய தாழ்நிலத் தேயிலை சாயத்துக்கு. ஊவாத் தேயிலை மணத்துக்கு. சரிபாதி கலந்தோம், சாயம் போதவில்லை. நாலுக்கு ஒன்று கலந்தோம், மணம் அடங்கிப்போயிற்று. கொப்பியிலே அட்டவணை கீறி, கரண்டிக் கணக்கும் நிமிடக் கணக்கும் குறித்தோம். எம் மனையாள், “பரீட்சைத் தாள் திருத்துற நேரத்தில இதென்ன விளையாட்டு?” என்று கேட்டாரேனும், ஒவ்வொரு பேணியையும் சுவைத்துத் தீர்ப்புரைக்கத் தவறவில்லை. நாலாம் நாள், மூன்றுக்கு ஒன்று என்ற அளவிலே பழைய சுவைக்கு ஓரளவு அண்மையில் வந்தோம். ஒரு வியாழக்கிழமை மாலை அதனை அன்னையாரிடம் கொடுத்தோம்.

அவர் மணந்து பார்த்தார். ஒரு மிடறு குடித்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “உது அது இல்லை” என்றார். நாம் சோர்ந்துபோனோம். அவர் இன்னொரு மிடறு குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

“தம்பி, முந்தி நாங்கள் வாங்கினது வேற பைக்கற்று. நீ அப்ப சின்னப்பிள்ளை, உனக்குத் தெரியாது. அதுவும் நிண்டுபோச்சு. அதுக்குப் பிறகுதான் இது வந்தது. ஐயா ஆறு மாதமா இதை ஏசி ஏசித்தான் குடிச்சவர்.”

நாம் திகைத்தோம். என்றென்றும் எம் வீட்டுக்குரியது என நாம் எண்ணியிருந்த சுவை, ஐயாவுக்கு ஒரு காலத்திலே பிடியாத சுவையாய் இருந்திருக்கின்றது. ஏசிக்கொண்டே குடித்து, குடிக்கக் குடிக்கப் பழகி, மூன்று கல் அடுப்பிலே காய்ச்சி அயலாருக்கும் கொடுத்து, அவரே அதனை எம் வீட்டுத் தேயிலை ஆக்கினார் போலும். நேற்று உண்டதை மறந்துவிடும் அன்னையார், நாற்பது ஆண்டுக்கு முந்திய அந்த ஏச்சை ஒரு சொற் குறையாமல் வைத்திருந்தார்.

எம் குறை இதனால் முற்றாகத் தீர்ந்துவிட்டதென்று சொல்லோம். கடைத் தட்டிலே அந்த இடத்தைப் பார்க்கும்போது இன்னும் மனம் ஒரு கணம் தயங்கத்தான் செய்கின்றது. ஆனால் இரண்டு காரியங்கள் செய்தோம். எம் கலவையிலே கால் கிலோவைக் கட்டி, அடுத்த விடுமுறைக்கு ஊர் சென்ற அம்மாணவர் கையிலே அவர் தாயாருக்கென்று கொடுத்தனுப்பினோம். மற்றையது, எமது கண்ணாடியை இருபது ஆண்டாகப் பழுதுபார்த்துத் தரும் முதியவருக்கு நன்றி கூறி ஒரு கடிதம் எழுதினோம். பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் இத்தகையோர் இருப்பர். அவர்கள் கடையை மூடுமுன் ஒரு வரி எழுதுங்கள்.

அவ்வெள்ளிக்கிழமை காலை எழுந்து பார்க்கையில், ஐயாவின் படத்தின் முன்னே மூக்குப்பேணி இருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. அன்னையாரைப் பார்த்தோம்.

“ஏசிப்போட்டுக் குடிப்பார்” என்றார்.