முன்பக்கங்களின் சாதி

எம்.ஏ. ஆய்வேட்டுக்கு முன்னால் அஞ்சாறு பக்கம் வரும். தலைப்புப் பக்கம், நெறியாளர் சான்றிதழ், மாணவர் உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம். இதிலெல்லாம் என்னய்யா அரசியல், பைண்டிங் கடைக்காரன் பார்த்துக்குவான் என்று சொன்ன தோழருக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது இன்னொன்றும் சொன்னார்: "மார்ஜின், எண், வரிசை எல்லாமே பார்ப்பனிய ஒழுங்கு. நம்ம பிள்ளைங்க அதை உடைச்சிட்டுப் போகணும்." கேட்க நல்லாத்தான் இருக்கு. தோழர் நிரந்தர வேலையில் இருக்கும் வாத்தியார். உடைத்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

எங்க தெருப் பொண்ணு ஒருத்தி எம்.ஏ. தமிழ் முடிக்கிறாள். எங்க சேரியில் எம்.ஏ. வரை போன முதல் பொண்ணு. அப்பன் கரும்பு வெட்டுகிறவர். ஆய்வு ஒப்பாரிப் பாட்டைப் பற்றி. பாட்டு முழுக்க அவள் ஆயா பாடிக் கொடுத்தது. அந்த ஆய்வேட்டை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை, இடதுபக்கம் ஒன்றரை அங்குலம் விடவில்லை. இரண்டாம் தடவை, முன்பக்கங்களுக்கு ரோமன் எண் போடாமல் 1, 2 என்று போட்டுவிட்டாள். இரண்டு குறையையும் ஒரே தடவையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் டி.டி.பி. கடைக்குக் கொடுத்தது கரும்பு வெட்டின காசு. உள்ளே பாட்டு எப்படி இருக்கு, ஆய்வு எப்படி இருக்கு என்று ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. பதினொரு வருஷமாய் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். போன வருஷம் ஒரு கிழவி கைநாட்டு வைத்த சலானை நீட்டினாள். சாட்சிக் கையெழுத்து இல்லை. "போய் வாங்கிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டேன். விதி என் பக்கம்தான். ஆனால் எழுந்து போய் அங்கேயே ஒருத்தரைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்க முடியும். எழுந்திருக்கவில்லை. வாசலில் நிற்க வைப்பது எவ்வளவு சுகமான வேலை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

மூன்றாவது தடவைக்கு முன்னால் அந்தப் பொண்ணு என்னிடம் வந்தாள். "அண்ணா, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் இல்ல?" ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தோம். விஷயம் இவ்வளவுதான். தலைப்புப் பக்கம் எண்ணிக்கையில் சேரும், ஆனால் அதில் எண் தெரியக் கூடாது. சான்றிதழிலிருந்து அடியில் நடுவாக சின்ன ரோமன் எண். முதல் இயலில் மறுபடி 1. பொருளடக்கம் முடிகிற இடத்தில் பக்கத்தை வெட்டினால் போதாது, செக்‌ஷன் பிரேக் போட்டுப் பகுதியையே வெட்டணும். அடுத்த பகுதியின் அடி எண் முந்தினதோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த இணைப்பை எடுத்துவிடணும். பதினைந்து நிமிஷ வேலை. யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியிருந்தால் அவள் ரெண்டு தடவை அலைந்திருக்க வேண்டியதில்லை.

(எண்ணிக்கையில் உண்டு, எண் மட்டும் கண்ணில் படாது, உள்ளே இருப்பதற்கு ஒரு வரிசை, முன்னால் நிறுத்தி வைத்ததற்கு வேறொரு வரிசை. ஊரையும் சேரியையும் பார்த்தவனுக்கு இது புதுசில்லை. கவிதை எழுதுகிறவனின் கெட்ட பழக்கம், விட்டுவிடுகிறேன்.)

அமைப்பு சரியான பிறகுதான் உண்மையான சண்டை வந்தது. நன்றியுரையில் முதல் ஆளாய் ஆயாவின் பெயரைப் போட்டு, எங்க சேரியில் பாட்டெல்லாம் இவளுடையது, எழுத்து மட்டும் என்னுடையது என்று எழுதியிருந்தாள். நெறியாளர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். நிர்வாகம், முதல்வர், துறைத்தலைவர், நெறியாளர், அப்புறம்தான் வீட்டார். பாட்டியைப் பின்னிணைப்பில் "தகவலாளர்" பட்டியலில் சேர். சேரி வேண்டாம், கிராமம் என்று மாற்று. இது ஆய்வு "மரபாம்".

சுற்றறிக்கையில் இருப்பது எது, மேனேஜர் வாயில் இருப்பது எது என்று பிரித்துப் பார்க்காமல் வங்கியில் ஒரு நாள் ஓட்ட முடியாது. கல்லூரி கொடுத்த விதித்தாளை வாங்கி வரி வரியாய்ப் படித்தேன். நன்றியுரை ஒரு பக்கத்துக்கு மிகக் கூடாது. அவ்வளவுதான். யாருக்கு முதல் கும்பிடு என்று ஒரு வரி கிடையாது. ஊர்த் தெருவில் செருப்புப் போடாதே என்பதும் எந்தத் தாளிலும் எழுதி இருந்ததில்லை.

தோழர் இதைக் கேட்கணும். அண்ணல் அம்பேத்கர் 1915இல் கொலம்பியாவில் எம்.ஏ. பட்டம் வாங்கியவர். அங்கேயும் லண்டனிலும் அவர்கள் கேட்ட வடிவத்தில்தான் ஆய்வேடு கொடுத்தார். ஆனால் ரூபாயின் பிரச்சினை 1923இல் நூலாக வந்தபோது காணிக்கைப் பக்கம் அப்பா அம்மாவுக்கு, தன் படிப்புக்காக அவர்கள் பட்ட பாட்டுக்கு. அதே நூலின் முன்னுரையில் பேராசிரியர் எட்வின் கேனன் அம்பேத்கரின் கருத்தோடு மோதுகிறார். மோதலை அப்படியே முன்பக்கத்தில் அச்சிட்டார் அம்பேத்கர். 1948இல் தீண்டப்படாதார் பற்றிய நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் நினைவுக்குக் கொடுத்தார். தில்லையில் தீயில் இறக்கப்பட்ட நம்ம நந்தனுக்கு ஒரு முன்பக்கம் கிடைத்தது அங்கேதான்.

நம்ம பக்கத்திலும் அழுக்கு உண்டு. புத்தரும் அவர் தம்மமும் நூலுக்கு 1956இல் எழுதிய முன்னுரையில் மனைவி சவிதாவுக்கு நன்றி சொல்லியிருந்தார் அண்ணல். அவர் இறந்த பிறகு 1957இல் நூல் வந்தது. அந்த முன்னுரை அதில் இல்லை. 1980இல் பகவான் தாஸ் அதைத் தேடி வெளியிட வேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் பெயர் இருந்த முன்பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் கிடப்பில் கிடந்திருக்கு. பைண்டிங் கடைக்காரனா பார்த்துக்கிட்டான்?

விதித்தாளோடு அந்தப் பொண்ணு தனியாகத்தான் போனாள். "சார், எந்த விதியில இருக்குன்னு காட்டுங்க, மாத்திடறேன்." ஒன்பது நாள் மேசையில் போட்டு வைத்திருந்தார். பத்தாம் நாள் சான்றிதழில் கையெழுத்து விழுந்தது. நிர்வாகத்துக்கும் முதல்வருக்கும் நன்றி இருக்கிறது, இரண்டாவது பத்தியில்.

நாலு பிரதி. கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து. ரோமன் நான்காம் பக்கம், முதல் வரியில் ஆயா பெயர், சேரி என்ற சொல்லோடு. அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. தோழர் வருவதானால் வரட்டும். உடைக்க ஒன்றும் கொண்டுவர வேண்டாம், அந்தப் பொண்ணுக்கு பஸ்ஸுக்குக் காசு கொண்டுவந்தால் போதும்.