பெட்டி ஒன்று, சங்கடம் பல!

மேஜையின் மேல் டெலிவிஷன் போல ஒரு திரை. அதன் முன்னே கீபோர்டு. பக்கத்தில் ஒரு மவுஸ். மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தால், பழைய பெரிய பெட்டியைக் காணோம். "கம்ப்யூட்டர் எங்கே?" என்று கேட்டால், "திரைக்கு உள்ளேயே இருக்கிறது" என்று பதில் வருகிறது.

இதுதான் 'ஆல் இன் ஒன்' கம்ப்யூட்டர். ஒரே பெட்டிக் கம்ப்யூட்டர் என்று நாம் சொல்லலாம். ஜெராக்ஸ் கடை, பத்திரம் எழுதும் கூடம், பாங்கி, ஆஸ்பத்திரி வரவேற்பறை என்று, இடம் குறுகலான எல்லா இடங்களுக்கும் இது வந்து சேர்ந்திருக்கிறது. பார்வைக்கு அழகு. மேஜையில் இடம் மிச்சம். ஒயர்கள் காலில் சிக்குவதில்லை.

எல்லாம் சரி. ஒரு நாள் அது மக்கர் செய்தால் யாரிடம் கொடுப்பது? சென்னையில் இருப்பவருக்கு இது சிறிய கேள்வி. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருப்பவருக்கு, அன்றைய பிழைப்பே இந்தக் கேள்வியில் தொங்குகிறது.

திண்டிவனத்தில் ஒரு காலை

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். திண்டிவனத்தில் ஒரு பத்திரம் எழுதும் கூடம். அன்று முகூர்த்த நாள். மயிலம் பக்கத்திலிருந்து நிலம் விற்பவரும் வாங்குபவரும் சாட்சிகளோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் நாள் இரவு இடி மழை. கரண்டு நாலு தடவை போய் வந்தது. காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது. திரை மட்டும் இருட்டு.

கடைப் பையன் மெக்கானிக்குக்கு டெலிபோன் செய்கிறான்.

"அண்ணே, மிஷின் ஓடுது, படம் வரலை. ரெண்டு பார்ட்டி காத்துக்கிட்டு இருக்காங்க."

"பழைய பெட்டியா, புது மிஷினா தம்பி?"

"புதுசுண்ணே. எல்லாம் ஒண்ணா இருக்குமே, அது."

"அதுவா? வந்து பார்க்கிறேன். ஆனா இன்னைக்கே ஆகும்னு சொல்ல முடியாது."

பழைய பெட்டியாக இருந்தால், வேறொரு திரையைக் கொண்டுவந்து மாட்டி, பத்து நிமிஷத்தில் வேலையைத் தொடங்கிவிடலாம். புதியதில் திரையும் கம்ப்யூட்டரும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். ஒன்றுக்கு நோய் வந்தால் இரண்டும் படுத்துக்கொள்ளும்.

உள்ளே இருப்பது என்ன?

பழைய மேஜைக் கம்ப்யூட்டரின் பெட்டி ஒரு விசாலமான வீடு போன்றது. பாகங்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும். இரண்டு மூன்று திருகாணிகளைக் கழற்றினால் பக்கக் கதவு திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் பாகங்களும் பெரும்பாலும் பொது அளவு கொண்டவை. ஒரு கம்பெனியின் பாகம் கெட்டால் இன்னொரு கம்பெனியின் பாகத்தை வாங்கி மாட்டலாம்.

ஒரே பெட்டிக் கம்ப்யூட்டரை, லாப்டாப்பின் உறுப்புகளைத் திரையின் முதுகில் அடுக்கிவைத்த இயந்திரம் என்று சொல்லலாம். பல மாடல்களில் மெமரி லாப்டாப் ரகத்தைச் சேர்ந்த சிறிய அட்டை. மின்சாரம், வெளியே இருக்கும் அடாப்டர் மூலமாக 19 வோல்ட் அளவில் வருகிறது. காற்று போய்வர இடம் குறைவு. முக்கியமான மதர்போர்டோ அந்த ஒரு மாடலுக்கென்றே செய்யப்பட்டது. அடுத்த மாடலின் போர்டு இதற்குப் பொருந்தாமல் போகலாம்.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி 1984-ல் மக்கின்டாஷையும், 1998-ல் ஐமாக்கையும் இப்படி ஒரே கூட்டுக்குள் அடக்கி விற்றது. 2012-ன் கடைசியில் வந்த ஐமாக்கில் முன்பக்கத் திரையைப் பசைப் பட்டையால் ஒட்டிவிட்டார்கள். திறக்க வேண்டுமானால் பசையை அறுக்க வேண்டும். மூட வேண்டுமானால் புதுப் பட்டை ஒட்ட வேண்டும். 2021-ல் வந்த ஐமாக்கில், பின்னால் மெமரியைக் கூட்டிக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று.

எல்லா மாடல்களும் இப்படியல்ல. பின்மூடியைக் கழற்றி டிஸ்க்கையும் மெமரியையும் மாற்றக்கூடிய மாடல்களும் கடையில் இருக்கின்றன. எது எது என்று வாங்குவதற்கு முன்பே விசாரிப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

மெக்கானிக் வருமுன்

சில சோதனைகளை யாரும் செய்து பார்க்கலாம்.

உயிரே இல்லையா? முதலில் சுவர் பிளக்கில் வேறு சாதனத்தை மாட்டி, கரண்டு வருகிறதா என்று பாருங்கள். பிறகு அடாப்டர். வேறு அடாப்டர் வாங்க நேர்ந்தால் வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையும் பொருந்த வேண்டும்.

சத்தம் உண்டு, படம் இல்லையா? அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் திரையின் மேல் சாய்வாகப் பிடியுங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு அல்லது அதற்கு மின்சாரம் தரும் பகுதி பழுது. ஒன்றுமே தெரியாவிட்டால், படத்தை வெளியே அனுப்பும் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று பார்த்து, வீட்டு டி.வி.யை இணையுங்கள். டி.வி.யில் படம் வந்தால் கம்ப்யூட்டருக்குக் குறைவில்லை. அன்றைய வேலையை டி.வி.யை வைத்தே ஓட்டிவிடலாம். சில மாடல்களில் படத்தை வாங்கும் துளை மட்டுமே உண்டு. வாங்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

சூடாகித் தானே அணைகிறதா? பெரும்பாலும் தூசிதான் குற்றவாளி. காற்றுத் துளைகளும் விசிறியும் புழுதியால் அடைத்துக்கொள்ளும். பிராசசரின் மேல் தடவியிருக்கும் வெப்பப் பசையும் நாளடைவில் காய்ந்துவிடும். மெக்கானிக்கைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை துப்புரவு செய்வது நல்லது.

தேதி தவறித் தவறி வருகிறதா? மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பாட்டரி தீர்ந்திருக்கும். பல மாடல்களில் அது 'சி.ஆர். 2032' என்னும் 3 வோல்ட் பாட்டரி. மலிவான சாமான். ஆனால் தேதி தவறினால் பாங்கி, அரசாங்க இணையதளங்கள் திறக்க மறுக்கும். "நெட் வேலை செய்யவில்லை" என்று பலர் தவிப்பதற்கு இந்தச் சிறு பாட்டரியும் ஒரு காரணம்.

ஆமை வேகத்தில் நகர்கிறதா? பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், பழைய இயந்திரமும் சுறுசுறுப்பாகிவிடும்.

பெஞ்சல் புயலின் பாடம்

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் மழை கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். விழுப்புரம் புதிய பஸ் நிலையம் குளமாயிற்று.

இத்தகைய நாட்களில் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் புகுந்தால், பலர் செய்யும் முதல் தவறு, "ஓடுகிறதா பார்க்கலாம்" என்று சுவிட்சைப் போடுவது. தண்ணீரை விட, தண்ணீரோடு சேர்ந்த மின்சாரமே போர்டை அதிகம் எரிக்கிறது. செய்ய வேண்டியது இதுதான்: முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அடாப்டரையும் கழற்றுங்கள். உள்ளே சேறு இருந்தால் மெக்கானிக் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு கழுவித் துடைத்து, நன்றாக உலர்த்திய பிறகே கரண்டு கொடுக்க வேண்டும். டிஸ்க்கைத் தனியே எடுத்துவைத்தால், இயந்திரம் போனாலும் கணக்கு வழக்குகள் பிழைக்க வாய்ப்புண்டு. பின்மூடி திறக்கும் மாடலில் இது சில நிமிஷ வேலை. பசை போட்டு ஒட்டிய மாடலில் இதுவே ஒரு ஆபரேஷன்!

விண்டோஸ் வைத்த கெடு

தண்ணீரும் தூசியும் தொடாத இயந்திரங்களுக்கும் ஒரு கண்டம் வந்தது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு என்றும் அறிவித்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசரும் வேண்டும்.

பழைய பெட்டிக்காரர் மதர்போர்டையும் பிராசசரையும் மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம். திரை அப்படியே இருக்கும். ஒரே பெட்டிக்காரருக்கு அந்த வழி அநேகமாக அடைபட்டது. நல்ல திரையையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது. லினக்ஸ் என்னும் இலவச மென்பொருளைப் போட்டுப் பழைய இயந்திரத்தை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளே இத்தகைய மென்பொருளில் நடக்கின்றன. ஆனால் நம்மிடம் இருக்கும் பிரிண்டரும் கைரேகைக் கருவியும் அதனோடு ஒத்துழைக்குமா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

தூக்கி எறிவதிலும் கேடு இருக்கிறது. 2022-ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகள் சபை அமைப்புகளின் அறிக்கை கணக்கிட்டது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் 22.3 சதவிகிதமே.

சட்டம் எங்கே நிற்கிறது?

பழுது பார்க்கும் உரிமை பற்றிய பேச்சு டெல்லியிலும் எழுந்திருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, உத்தரவாதம், உதிரிபாகம், சர்வீஸ் விவரங்களைத் தரும் இணையதளம் ஒன்றும் தொடங்கப்பட்டது. ஒரு சாதனத்தைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போட்டு, விற்கும் இடத்திலேயே காட்ட வேண்டும் என்ற யோசனையோடு இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது.

நல்ல யோசனைதான். பிரான்ஸ் தேசம் இதை 2021-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் பிரான்ஸின் முதல் பட்டியலில் லாப்டாப்பும் டி.வி.யும் இருந்தன, ஒரே பெட்டிக் கம்ப்யூட்டர் இல்லை. நம் குழு எண்ணிச் சொன்ன முக்கிய பாகங்களும் பாட்டரி, காமிரா, சார்ஜ் துளை என்று கைபேசியையே நினைவூட்டுகின்றன. கைபேசி கெட்டால் ஒருவருக்குக் கஷ்டம். பத்திரக் கூடத்துக் கம்ப்யூட்டர் கெட்டால், பஸ் ஏறி வந்த பத்துப் பேருக்குக் கஷ்டம். சட்டம் செய்பவர்கள் இதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புதுச்சேரியில் கம்ப்யூட்டர் தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. உலகப் பெயர் பெற்ற லெனோவா கம்பெனிக்கே அங்கே ஆலை உண்டு. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் அந்த ஊர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். ஆனால் சிறு மெக்கானிக் ஒரு பாகத்தைத் தேடும்போது, 100 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்னை ரிச்சி தெருவை நோக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கம்பெனிகள் உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் கையேட்டையும் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு நியாய விலையில் கொடுத்தால், இந்த அலைச்சல் பாதி தீரும்.

வாங்குமுன் கேளுங்கள்

அதுவரையில் நம் கையில் இருப்பது நம் கேள்விதான். காசைக் கொடுக்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்: பின்மூடி திருகாணியில் திறக்குமா, பசையில் ஒட்டியதா? மெமரியையும் டிஸ்க்கையும் மாற்றலாமா? படத்தை வெளியே அனுப்பும் துளை உண்டா? உத்தரவாதக் காலத்தில் கம்பெனி ஆள் நம் ஊருக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? பதிலை பில்லின் மேலேயே எழுதி வாங்குங்கள்.

பேச்சு மாறினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

அரசாங்க அலுவலகங்களும் பள்ளிகளும் மொத்தமாக வாங்கும்போது, டெண்டரிலேயே இந்தக் கேள்விகளைச் சேர்க்கலாம். ஒருவர் கேட்டால் கம்பெனி சிரிக்கும். ஆயிரம் பெட்டி வாங்குகிறவர் கேட்டால் காது கொடுக்கும்.

மேஜையில் இரண்டு சாண் இடம் மிச்சமாவது நல்லதுதான். அதற்காக, முகூர்த்த நாளில் பெஞ்சில் காத்திருப்பவர் வெறுங்கையோடு மயிலம் பஸ்ஸில் திரும்பிப் போகக் கூடாது.