முன்பாரம், பின்பாரம்

சித்திரை பொறந்ததும் மூணு சக்கர லோடு ஆட்டோ ஒண்ணு வாங்கினேன். புது வண்டி. பதினெட்டு வருசமா எக்ஸெல் மொபெட்டுல தக்காளிப் பெட்டி கட்டி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓட்டின ஆளு நான். அஞ்சு பெட்டிக்கு மேல அதுல கட்ட முடியாது. மீதிக்கு டெம்போ வாடகை. தக்காளி விலை விழுந்த நாள்ல வாடகைக்கும் கூலிக்கும் போக கையில ஒண்ணும் நிக்காது. அந்தக் கணக்குப் போட்டுத்தான் கடன் வாங்கி வண்டி எடுத்தேன்.

எடுத்த பத்தே நாள்ல, ஏன்டா வாங்கினோம்னு ஆயிருச்சு.

மொதல்ல, வண்டி இடது பக்கமே இழுத்தது. ஹேண்டில வலப்பக்கமா அழுத்திப் பிடிச்சுட்டே போகணும். ஒட்டன்சத்திரம் போய் இறங்கறப்ப தோள்பட்டை கழண்டு விழுகிற மாதிரி வலி. ரெண்டாவது, பாரம் ஏத்திட்டா ஹேண்டில் லேசாகி, பரிசல்ல போற மாதிரி முன்பக்கம் அலையும். மூணாவது, வளைவு. அதைக் கடைசியா சொல்றேன்.

வண்டி எடுத்த இடத்துல கேட்டேன். "புது வண்டி அப்படித்தாங்க இருக்கும், ஓட ஓட பழகிரும்"னாங்க. ஊருக்குள்ள கேட்டா ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருத்தர் ஹேண்டிலுக்கு ரெண்டு பக்கமும் பைப் வச்சு வெல்டு பண்ணி நீட்டச் சொன்னார். இன்னொருத்தர் முன்னாடி ஸ்பிரிங்க மாத்தச் சொன்னார். அண்ணன் மகன் செல்போன்ல ஒரு படம் காட்டி, "பெரிய டயரா போட்டுரலாம் சித்தப்பா, சும்மா கும்முனு நிக்கும்"னான்.

நான் எதையும் மாத்தல. ஆர்.சி. புத்தகத்துல இருக்கிறதுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு 1988-ஆம் வருச மோட்டார் வாகனச் சட்டத்துலயே, 52-ஆம் பிரிவுல இருக்குது. வெல்டு வச்சா வாரண்டியும் போச்சு. அதைவிட, நோவு என்னன்னு தெரியாம மருந்து குடுக்கிறது மாட்டுக்கே ஆகாது, வண்டிக்கு ஆகுமா?

அதனால ஒரு ஞாயித்துக்கிழமை வண்டிய எங்க ஊர் உலர்களத்துல கொண்டு போய் நிறுத்தினேன். களம் மட்டமா இருக்கும். ரோடு அப்படி இல்லைங்க. தண்ணி வடியறதுக்காக நடுவுல மேடாவும் ஓரத்துல சரிவாவும் போட்டிருப்பாங்க. நம்ம இடது ஓரமாத்தானே போறோம், அதனால நல்ல வண்டியே கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கத்தான் செய்யும். அது எவ்வளவு, வண்டியோட கோளாறு எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்க்க மட்டமான இடம் வேணும். வெறும் வண்டிய மெதுவா ஓட்டிப் பார்த்தேன். அங்கயும் இழுத்தது. ரோட்டுல இழுத்த அளவுக்கு இல்ல, ஆனா இழுத்தது.

அடுத்து காத்து. 250 ரூபாய் குடுத்து கேஜ் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். டயர் சூடாகறதுக்கு முன்னாடி, காலங்காத்தால அளந்தேன். பின்னாடி வலது டயர்ல 38, இடதுல 24. முன்னாடி 40. கூட வந்த புத்தகத்துல போட்டிருந்த அளவு இதுல எதுவுமே இல்ல. காத்து கொறஞ்ச பக்கம் வண்டி தாழும், அந்த டயர் ஓட ஓட தேக்கும், அந்தப் பக்கமே இழுக்கும். முன் டயர்ல காத்து கூடிப்போனா சின்னக் கல்லுக்கும் துள்ளும், புடிமானம் கொறையும். மூணையும் புத்தகத்து அளவுக்குக் கொண்டு வந்தேன். இழுப்புல முக்காவாசி அங்கயே போயிருச்சு. பத்து நாள் தோள்வலிக்கு மருந்து வெறுங்காத்து.

பின்னாடி கயிறு. பாத்தி கட்டறதுக்குக் கயிறு புடிக்கிற மாதிரிதான். ஹேண்டில நேரா வச்சு, முன் சக்கரத்து நடு அச்சுல இருந்து பின் சக்கரம் ரெண்டோட நடு அச்சுக்கும் தனித்தனியா கயிறு புடிச்சு அளந்தேன். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ரெண்டு நூல் வித்தியாசம் வந்தது. அது என் கை நடுக்கம்னு விட்டுட்டேன். ரெண்டு விரக்கடை வித்தியாசம் வந்திருந்தா வண்டி எங்கயோ வளைஞ்சிருக்குன்னு அர்த்தம், வீட்டுல வச்சுப் பார்க்கிற வேலை இல்ல.

அப்புறம் சக்கரத்து நட்டு. புது வண்டியில கொஞ்ச தூரம் ஓடினதும் நட்டு கொஞ்சம் தளரும். ஒண்ணுக்கு எதிர் ஒண்ணா, மாத்தி மாத்தி இறுக்கணும். ரெண்டு நட்டு கால் சுத்து இறங்கிச்சு.

பிரேக்கையும் பார்த்தேன். நாலஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து பின் சக்கரத்து டிரம் ரெண்டையும் பக்கத்துல கை வச்சுப் பாருங்க, தொட்டுறாதீங்க. ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அந்தப் பக்கம் பிரேக் புடிச்சுட்டே இருக்குதுன்னு அர்த்தம். எனக்கு இடது பக்கம் அப்படித்தான் இருந்தது. மிச்சம் இருந்த கால்வாசி இழுப்பு அதுதான்.

கடைசியா, முன்பக்கம் ஜாக்கி குடுத்துத் தூக்கி, சக்கரத்தை ரெண்டு கையில புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினேன். 'டக்'குனு ஒரு சத்தம். ஹேண்டில் தண்டுல இருக்கிற கோன் செட் லூசு. இங்க நான் கைய எடுத்துட்டேன். பிரேக்கும் கோன் செட்டும் நம்ம ஸ்பேனர் வச்சுப் பழகற இடம் இல்லைங்க. இறுக்கம் கொஞ்சம் கூடினாலும் தப்பு, கொறஞ்சாலும் தப்பு. சர்வீஸுக்குக் கொண்டு போனேன். "ஓட ஓட பழகிரும்"னு சொன்னவங்ககிட்ட இந்தத் தடவை, இடது டிரம் சூடாகுது, கோன் செட் ஆடுதுன்னு ரெண்டையும் எழுதியே குடுத்தேன். ஒரு பேச்சும் பேசாம வாரண்டியிலயே சரி பண்ணிக் குடுத்தாங்க. "வண்டி சரியில்லை"ன்னு போனா ஒரு பதில், இடத்தைத் தொட்டுக் காட்டினா வேற பதில். வீட்டுல வச்சுப் பார்க்கிறதோட பெரிய லாபமே இதுதான்.

இத்தனையும் முடிச்சு முப்பது பெட்டி ஏத்தினேன். பெட்டிக்கு 14 கிலோ, காலிப் பெட்டி எடையும் சேர்த்தா வண்டி தாங்குற அரை டன்னுக்குள்ளதான் வரும். ஆனா ஹேண்டில் பழையபடி மிதந்தது.

களத்துல உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசிச்சேன். அப்பன் ஞாபகம் வந்தது. எங்கப்பன் மாட்டு வண்டியில மூட்டை ஏத்தறப்ப, ஏத்தி முடிச்சதும் நுகத்தடிய ஒரு கையில தூக்கிப் பார்ப்பார். "பின்பாரமா இருந்தா நுகத்தடி மேல தூக்கும், மாட்டுக் கழுத்துக் கயிறு இறுக்கும். முன்பாரமா இருந்தா கழுத்து புண்ணாகும். அச்சுக்கு நேரா, ஒரு கை முன்னாடி நிக்கணும்டா பாரம்"பார். சின்னப் பையனா நான் எத்தனை மூட்டையை மாத்தி அடுக்கியிருக்கேன்!

மார்க்கெட்டுல இறக்கறதுக்கு வசதின்னு நான் முப்பது பெட்டியையும் பின்கதவு ஓரமாவே அடுக்கியிருந்தேன். அச்சுக்குப் பின்னாடி போன பாரம் முன் சக்கரத்தைத் தூக்குது. தரையில பதியாத சக்கரம் எப்படித் திரும்பும்? பெட்டிய முன்னாடி தள்ளி, அச்சுக்கு நேரா அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினேன். ஹேண்டில் கைக்குள்ள வந்துருச்சு. ஐம்பத்து மூணு வயசுல எனக்கு மறந்து போனது இதுதாங்க. டெம்போக்காரர் வந்து ஏத்திட்டுப் போன இருபது வருசத்துல அப்பன் சொன்னது கையை விட்டே போயிருந்தது.

இப்ப வளைவு. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வண்டி எடுத்த நாலாம் நாள், இதெல்லாம் சரி பண்றதுக்கு முன்னாடி, வீட்டுக்காரம்மாவப் பெட்டி மேல உட்கார வச்சு மார்க்கெட்டுக்குப் போனேன். டிரைவர் சீட்டு ஒண்ணுதானே, கூட வர்றவங்க பின்னாடிதான். குளத்து மேட்டு வளைவுல வலப்பக்கம் திரும்பறேன், எதுர்க்க பால் வண்டி. மொபெட் பழக்கத்துல உடம்பைச் சாய்ச்சுப் பிரேக்கை மிதிச்சேன். வலது பின் சக்கரம் தரைய விட்டு எந்திருச்சது. ஒரு நொடிதான், மறுபடி உட்கார்ந்துருச்சு. நாலு பெட்டி ரோட்டுல. கயித்தைப் புடிச்சுத் தொங்கினதால வீட்டுக்காரம்மா கீழ விழுகல. முழங்கை தோல் உரிஞ்சு ரத்தம். "ஏனுங்க, ஒண்ணும் இல்லீங்க, பெட்டியப் பொறுக்குங்க"ன்னுச்சு. எனக்குக் கை நடுக்கம் நிக்கவே இல்ல.

மொபெட் வளைவுல சாயும். இது சாயாது, கவுரும். மூணு கல் அடுப்பை நினைச்சுக்குங்க. ரெண்டு கல் இருக்கிற பக்கம் பானைக்கு அகலமான இடம். ஒத்தைக் கல் பக்கம் போகப் போக இடம் ஒடுங்கிரும். வளைவுக்குள்ள பிரேக் புடிச்சா மொத்த பாரமும் அந்த ஒத்தைக் கல் பக்கம், ஓரமாப் போய் விழுகும். அதனால வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைக்கணும், உள்ள போய்க் கொறைக்கக்கூடாது. பாரம் தாழ்வா இருக்கணும். இதுக்கு எந்த ஸ்பேனரும் கிடையாது. சரி பண்ண வேண்டியது ஓட்டுறவனை.

இப்ப ஊர்ல எனக்கு ஒரு கெட்ட பேரு. களையெடுக்கிற ஆளுங்களைக் கூட்டிட்டு வர்ற அக்கா, "வண்டிதான் இருக்குதுல்ல தம்பி, பன்னெண்டு பேரையும் ஏத்திட்டு வந்துட்டா என்ன?"ன்னு கேட்டுச்சு. முடியாதுன்னுட்டேன். "புது வண்டி வாங்கினதும் பவுசு வந்துருச்சு"ன்னு பேச்சு. சுத்துவட்டாரத்துல எல்லாரும் ஏத்தறாங்க, எனக்குத் தெரியும்.

பன்னெண்டு பேர், ஆளுக்கு ஐம்பது கிலோன்னாலும் அறுநூறு. வண்டி தாங்குறதே ஐநூறு. பெட்டியாவது கட்டின இடத்துல இருக்கும். மனுசங்க வளைவுல சாயுவாங்க, ஓரக்கம்பியில உட்காருவாங்க, பேசறதுக்குத் திரும்புவாங்க. நான் களத்துல அளந்து வச்ச அத்தனை கணக்கும் அங்க செல்லாது. சரக்கு வண்டியில ஆள் ஏத்தறது சட்டப்படி குத்தம். கவுந்தா, ஏறி வந்த கூலியாளுக்கு இன்சூரன்ஸும் நிக்காது. அது கூடப் பரவாயில்லை, அபராதம் கட்டிக்கலாம். அன்னைக்கு ஒரு சக்கரம் எந்திருச்சப்ப பின்னாடி இருந்தது ஒருத்தர். பன்னெண்டு பேரா இருந்திருந்தா?

முடியாதுன்னு சொல்லிட்டு மட்டும் விட்டா ஆள் வராது, களை நிக்காது. அதனால ஒரு ஏற்பாடு பண்ணினேன். எட்டரைக்கு எங்க ஊருக்கு டவுன் பஸ் வருது, பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது. வேலைய எட்டு மணிக்குப் பதிலா எட்டே முக்காலுக்கு ஆரம்பிக்கச் சொல்லிட்டேன், கூலியக் கொறைக்கல. பன்னெண்டு பேருக்கு முக்கா மணி நேரம் எனக்கு நட்டம்தான். பஸ் வராத நாள்ல ஷேர் ஆட்டோ காசும் என்னுது. வண்டிக்கு டயர் தேயற செலவு மாதிரி, இதையும் வண்டி செலவுலயே எழுதிட்டேன்.

வீட்டுக்காரம்மாவும் இப்ப மார்க்கெட்டுக்கு பஸ்ஸுலதான் வருது. எனக்கு முன்னாடியே போய் இறங்கி, "வண்டி வாங்கியும் பஸ்ஸுதான் வேகம்"னு கிண்டல் பண்ணுது. பண்ணட்டும்.

வண்டி வாங்கறவங்க காத்தைப் பாருங்க, நட்டைப் பாருங்க, பெட்டிய அச்சுக்கு நேரா அடுக்குங்க. அந்த வண்டியில ஆளை மட்டும் ஏத்தாதீங்க.